மலை உட்கார்ந்திருந்த நாட்கள்

குலசிங்கம் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வீட்டுப் படிக்கட்டில். அவள் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் நின்று மேலே திரும்பிப் பார்த்து, "பருப்பு அடுப்பில கிடக்கு, அடிப்பிடிக்க விட்டிடாதேங்கோ" என்றாள். அவர் "ஓம் ஓம், நீ போ" என்றார். அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். செருப்புச் சத்தம் மாடி மாடியாகக் குறைந்து, கீழே சந்தையின் இரைச்சலுக்குள் போய்விட்டது. பலெர்மோ நகரத்தின் ஒரு பஸ் நிறுத்தத்தில், வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி, கைப்பை மடியில் இருக்க, பஸ் வருவதற்குள் சிவயோகம் போய்ச் சேர்ந்தாள். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

முதலில் போக வேண்டியவர் அவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், அவர் உட்பட. முந்தைய வருடம் ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த நரம்பை இதயத்தில் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். மெல்ல நடக்கலாம், வீட்டுப் படி ஏறலாம், மலை கிலை என்று வெளிக்கிடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது யோகம் பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகம் ஏன் சட்டென்று வாடியது என்று அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை.

செத்த வீட்டுக்கு மேல்மாடியிலிருந்து நுன்சியா வந்தாள். எழுபது கடந்த விதவை, அந்த ஊர்க்காரி, யோகத்தோடு குசினிக்குக் குசினி உப்பும் சீனியும் மாற்றிக்கொண்டவள். அவள் பேசியது சிசிலிப் பேச்சுத்தான், ஆனால் இத்தனை வருடத்தில் அது குலசிங்கத்தின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழப் பழகியிருந்தது. துக்கவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவர்களிடமும் இருந்தபடியால், ஒரு தட்டு நிறைய ரொட்டியும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"சிங்கா, நீ மலைக்கு ஏறினியோ?"

"என்ன மலை?"

"உனக்கு அவள் சொல்லேல்லையோ? உன்ரை நெஞ்சை வெட்டின அண்டைக்கு நான் உங்கடை குசினியில அவளுக்குத் துணைக்கு நிண்டனான். கறி கிண்டின கரண்டியைத் தூக்கி சன்னலுக்கு வெளியிலை நீட்டி, இந்த மனுசன் உயிரோட திரும்பி வந்தால் அந்த மலை உச்சிக்கு வெறுங்காலோட ஏத்திவிடுறன் எண்டு சொன்னவள்."

"அங்கை மலை நிறைய இருக்கு. எந்த மலை?"

"எனக்கெப்பிடித் தெரியும். நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிண்டன். சொட்டிக்கொண்டிருந்தது."

இந்தப் பிழையை யோகத்தின் ஊர்க்காரர்கள் மட்டும்தான் விட முடியும். யாழ்ப்பாணத்தில் ஒரு பக்கெற் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்று யோசிக்கும், அவ்வளவு தட்டையான நிலம். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு மலை என்றால் கடல் மாதிரி, வானம் மாதிரி. அதற்கு ஒரு பெயர் வேண்டும், பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும், நேர்த்திக்கடன் வைக்கும்போது இன்ன மலை என்று சொல்லிவைக்க வேண்டும் என்பதெல்லாம் தோன்றவே தோன்றாது. அந்த மலை என்றாள், முடிந்தது. யாருக்குச் சொன்னாளோ அவருக்கு விளங்கியிருக்கும் என்று கறியைத் திரும்பவும் கிண்டியிருப்பாள்.

குலசிங்கத்துக்கு அதற்குப் பிறகு நித்திரை போய்விட்டது. நேர்த்தி வைத்தவர் அதைத் தீர்க்காமல் போனால், போன இடத்தில் உள்ளே விடாமல் வாசலிலேயே இருத்திவைப்பார்கள் என்று அவர் நம்பினார். அது எங்கே படித்ததென்றோ யார் சொன்னதென்றோ அவருக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடினால் யோகம் அந்த வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒவ்வொரு பஸ்ஸாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது, அவள் நிமிர்ந்து பார்ப்பதும் திரும்பக் குனிவதுமாக இருந்தாள். ஆண்டுத் திவசத்துக்கு முதல் ஏறித் தீர்க்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார்.

அன்ரன் தான் கூட்டிக்கொண்டு போனான். குருநகர்க் கடற்கரையில் பிறந்த அன்ரன், சந்தைக்கு மரக்கறி ஏற்றும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். "ரொசாலியாம்மாவின்ரை மலைக்குப் போவம் குலமண்ணை, பஸ்ஸே போகுது, எங்கடை சனம் முழுக்க அங்கைதானே ஏறுது" என்றான் முதலில். ஆனால் குசினிச் சன்னலில் அந்தப் புனிதவதியின் மலை தெரியாது, அது வீட்டின் மறுபக்கம், கடலோடு ஒட்டி நின்றது. சன்னலில் தெரிந்தவை உள்நாட்டுப் பக்கத்து மலைகள், நகரத்தை ஒரு கிண்ணம்போல் ஏந்திக்கொண்டிருப்பவை, கோயிலும் இல்லாதவை, தமிழ்ச் சனம் தாங்களாகவே கோபுரமலை, கல்லுடைமலை, ஆட்டுமலை என்று பெயர் வைத்திருந்தவை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், காலிக் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்து, அவர் எலுமிச்சைத் தோட்டங்களையும் பிளாஸ்டிக் கதிரைகள் போட்ட கோப்பிக் கடைகளையும் கடந்து, தெரு தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகிற இடங்களில் இறங்கினார். செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு ஏறினார். நாகதாளி முள்ளும் காட்டுப் பூண்டு வாசமும், கல்லடுக்கி வைத்த பழைய வேலிகளும், நாயோடு வந்த இடையர்களும், இடையர்களைவிடக் கோபமான அவர்களுடைய ஆடுகளும் அவருக்குப் பழக்கமாயின. பின்னால் திரும்பினால் நகரம் கிடந்தது, தேவாலயக் கோபுரங்களும் அரபியர் காலத்துச் சிவப்பு மண்டபங்களும் சாயம்போன மாடிவீடுகளுமாக, அதற்கப்பால் கடல். இதுதான் உச்சி என்று நினைத்து ஏறி முடித்தால் அதற்குப் பின்னால் இன்னொரு உச்சி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தட்டை நிலத்துக்காரரான அவருக்கு அது ஒரு நம்பிக்கைத் துரோகமாகவே பட்டது. ஒவ்வொரு முறையும் பாதிவழியில் நெஞ்சு இறுகியது. ஒரு கல்லில் உட்கார்ந்து, மூச்சு வந்தபின், "நான் குலசிங்கம், சிவயோகத்தின்ரை புருசன், அடுத்தமுறை பாப்பம்" என்று எந்த மலையாக இருந்தாலும் அதனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிவந்தார்.

திவசம் நெருங்கிவிட்டது. குருக்களிடம் நாள் கேட்டாயிற்று. எந்த மலை என்றும் தெரியவில்லை, எந்த மலையிலும் உச்சிக்குப் போய்ச் சேரவுமில்லை.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஆட்டுமலை இருந்த இடத்தைவிட்டு எழும்பி, எலுமிச்சைத் தோட்டங்களை மிதிக்காமல் காலெடுத்து வைத்து, பெரிய ரோட்டுச் சிவப்பு விளக்கில் சற்றுத் தயங்கி, சந்தைத் தெருவின் முடிவில் மீன்கடைகளுக்கு அடுத்த வெறுங்காணியில் வந்து, வண்டில் மாடு படுப்பதுபோல முன்பக்கம் முதலிலும் பின்பக்கம் பிறகுமாக மடங்கி உட்கார்ந்தது. மலை நின்றால்தான் உயரம். உட்கார்ந்தபோது அதன் உச்சி நுன்சியாவின் மொட்டைமாடிக்குச் சரியாக இருந்தது. ஆடுகள் அதன்மேல் மேய்ந்தபடியே வந்திருந்தன. அதன் தோள் குலசிங்கத்தின் குசினிச் சன்னலுக்கு எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இல்லாவிட்டாலும், கரண்டியை எறிந்தால் போய் விழுகிற தூரத்தில் இருந்தது.

நகரம் அதை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. பஸ் கடைசி நிறுத்தத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தினார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து மலையைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்ட, ஆடுகள் நாடாவைத் தின்றன. சந்தையில் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுந்தபடியால் கீரைக்காரர்களுக்குச் சந்தோஷம், துணி காயவில்லை என்று பெண்களுக்குக் கோபம். சீட்டு விளையாடும் கிழவர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய் அடிவாரத்தில் போட்டார்கள். மலை வெறும் நிலம்தானே, வண்டி நிறுத்தின குற்றத்துக்குத் தண்டம் எழுத முடியுமா என்று பொலிஸ்காரர்கள் தங்களுக்குள் பேசி, எழுதுவதானால் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் போய்விட்டார்கள்.

அது ஏன் வந்தது என்று ஒருவரும் ஆராயவில்லை, ஆருக்காக வந்தது என்பதில்தான் சண்டை. இறைச்சிக்கடைக்காரன் தன் தகப்பன் அந்த மலையில்தான் ஆடு மேய்த்தான், அவனைத் தேடித்தான் வந்திருக்கிறது என்றான். நுன்சியா அது தன் தம்பிக்காக வந்தது என்றாள். அவன் சின்ன வயதில் அந்த மலைக்கு வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போனவன். முடிக்காத நேர்த்தி, சொல்லாத மன்னிப்பு, எடுக்காத சாம்பல் என்று ஊரில் எத்தனை பேருக்கு இருந்தனவோ அத்தனை பேரும் அடிவாரத்தில் வந்து நின்றார்கள், ஆனால் ஒருவரும் ஏறவில்லை. மலை உட்கார்ந்துதான் இருந்ததே தவிர நித்திரை கொள்ளவில்லை. காது வைத்துக் கேட்டால் உள்ளே மூச்சு வந்து போனது. ஏறிக்கொண்டிருக்கும்போது எழும்பிவிட்டால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் பயம்.

குலசிங்கம் குசினியில் நின்று அதைப் பார்த்தார். எனக்காக வந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு மலை எழும்பி வருகிற அளவுக்குத் தான் பெரிய ஆளில்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஆருக்கு வந்ததெண்டு தெரியாமல் எப்பிடி அன்ரன் ஏறுறது?"

அன்ரன் தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்தான். "பஸ் வந்தால் ஏறுறம். ஆருக்கு வந்த பஸ் எண்டு கேட்டுக்கொண்டோ ஏறுறம்? வழியிலை போற எல்லாருக்கும் தான் அது வருது. நீங்கள் கையைக் காட்டாட்டி அது போயிடும் அண்ணை."

ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது, அதை வல்லிபுரம் மாஸ்டர் தான் கிளப்பினார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஹோட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர். தமிழ்ச் சனம் வாடகைக்கு எடுத்துக் கோயிலாக வைத்திருந்த பழைய கராஜில், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உது இப்ப மலையில்லை, மேடு. சோதினைக்கு வந்த பெடியனுக்குக் கேள்வியைச் சின்னனாக்கிக் குடுத்துப்போட்டுப் பாஸ் எண்டு சொல்லேலுமே? நேர்த்தி எண்டால் நேர்த்தி. ஐஞ்சு மாடி உயரம் ஏறிப்போட்டு மலை ஏறினனான் எண்டு சொல்லுறதெண்டால், நானும் ஒவ்வொரு நாளும் ஹோட்டலிலை மலை ஏறுறனான்."

சனம் சிரித்தது. குலசிங்கம் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். மாஸ்டர் சொன்னது அவர் மனதுக்குள்ளும் இருந்ததுதான். யாரோ, நுன்சியாவின் மொட்டைமாடியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் நேரே உச்சி, ஏணிகூட வேண்டாம் என்றார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

குருக்கள் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "குலசிங்கம், உம்மடை பெண்சாதி வைச்ச நேர்த்தியிலை மலை எவ்வளவு உயரமெண்டு ஏதும் இருக்கோ?"

"இல்லை ஐயா. உச்சிக்கு ஏத்திவிடுறன் எண்டுதான்."

"வெறுங்காலோட?"

"ஓம் ஐயா, வெறுங்காலோட."

"அப்ப மொட்டைமாடியாலை குதிக்கிற கதை வேண்டாம். அடியிலையிருந்து வெறுங்காலோட ஏறும். மாஸ்டர், நேர்த்தி வைச்சது அந்தப் பிள்ளை. கேள்வியைச் சின்னனாக்கினது மலை. இதுக்கு நடுவிலை நீர் என்னத்துக்கு மார்க் போடுறீர்?"

மாஸ்டர் சுண்டலை மென்றார். "எழும்பினால் என்ன செய்யிறது?" என்றார் கொஞ்சம் தணிந்து. "ஆள் மேலை நிக்கேக்கை எழும்பினால்? உந்த நெஞ்சோட ஆட்டுமலை உச்சியிலையிருந்து எப்பிடி இறங்குவார்?"

குருக்கள் விபூதித் தட்டைத் திரும்பவும் துடைத்தார்.

திவசத்துக்கு முந்திய நாள் காலை, குலசிங்கம் முழுகி, ஈரவேட்டியோடு, கற்பூரமும் ஒரு தேங்காயும் எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி, மீன்கடைகளுக்கு நடுவே நடந்துபோய் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினார். அன்ரன் பின்னால் வந்தான், விழுந்தால் பிடிக்க. "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், எனக்கு நேர்த்தி கீர்த்தி இல்லை, சும்மா காத்து வாங்கத்தான் வாறன்" என்று மலைக்குக் கேட்கும்படி சொல்லிவைத்தான். சீட்டுக் கிழவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நுன்சியா மொட்டைமாடி விளிம்பில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர் ஏறினார். கல் உறுத்தியது, முள் குத்தியது, காட்டுப் பூண்டு காலில் நசுங்கி மணந்தது. உட்கார்ந்த மலையின் தோல் நின்ற மலையின் தோலைவிடச் சுருங்கியிருந்தது, மடிப்புக்கு மடிப்பு கால் வைக்க இடமிருந்தது. வீட்டின் லிப்ட் பழுதாகிக் கிடந்த காலம் முழுக்க அவர் எப்படி ஏறினாரோ அப்படியே, கொஞ்சம் ஏறி நின்று, மூச்சை விட்டு, திரும்பக் கொஞ்சம் ஏறினார்.

"ரெண்டாம் மாடி," என்று நுன்சியா மேலேயிருந்து தெருவுக்கு அறிவித்தாள். "லூச்சியாவின்ரை சன்னலுக்கு நேரை நிக்கிறான். லூச்சியா, அவனுக்குத் தண்ணி குடு."

"விரதம், தண்ணி வேண்டாம்," என்றான் அன்ரன்.

"அப்ப நீ குடி."

மூன்றாம் மாடி உயரத்தில் மலை அசைந்தது. பெரிதாக இல்லை, நெடுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தவர் மற்றப் பக்கத்துக்குச் சாய்கிற அசைவுதான். ஆனால் ஒரு கல் உருண்டு கீழே மீன்தட்டில் விழுந்தது, ஆடுகள் தலையைத் தூக்கின, தெரு முழுவதும் வாயைப் பொத்தியது. குலசிங்கம் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுக்குள் தைத்த நரம்பு துடிப்பது அவருக்குத் தெரிந்தது. இறங்கிவிடலாம், இப்போது இறங்கினால் ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

"அண்ணை," என்றான் அன்ரன் மெல்ல. "இறங்குவமே?"

அவர் பாறையில் கன்னத்தை வைத்தபடி, ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிப் பழகியதைச் சொன்னார். "நான் குலசிங்கம். சிவயோகத்தின்ரை புருசன். நான் மெல்லத்தான் ஏறுவன். கொஞ்சம் இருக்கோணும்."

பாறைக்குள் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. மலை எழும்பாமல் இருந்தது.

உச்சியில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆடுகள் தண்ணீர் குடிக்கிற சீமெந்துத் தொட்டி, எல்லைக்கல் ஒன்று, நிறையப் புழுக்கை. அதற்குப் பின்னால் வேறு உச்சி நிற்கிறதா என்று அவர் எட்டிப் பார்த்தார், இல்லை, மறுபக்கம் இறக்கம்தான். எல்லைக்கல்லில் கற்பூரம் கொளுத்தி, அதே கல்லில் தேங்காயை உடைத்தார். தண்ணீர் சிதறியது. ஒரு தேங்காய்த் துண்டை ஓர் ஆடு உடனே கொண்டுபோய்விட்டது.

"யோகம்," என்றார். "ஏறியிட்டன். நீ போ."

பிறகு கால் ஆற உட்கார்ந்தார். வெயில் இதமாக இருந்தது. தொட்டியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சந்தைத் தெரு முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார், ஒரு வருடத்துக்குப் பிறகு.

அன்ரன் கீழே பார்த்து உதட்டில் விரலை வைத்தான். அந்த நகரத்திலேயே அதிகம் சத்தம் போடுகிற தெரு அது, வாள்மீன் விற்பவன் கூவினால் துறைமுகத்தில் கேட்கும். அவன் முதலில் வாயை மூடினான். பிறகு கீரைக்காரர்கள், பிறகு ஒலிவ் பழக்காரன், பிறகு இறைச்சிக் கத்தி. விலையை விரலால் காட்டி விற்றார்கள், விரலால் பேரம் பேசினார்கள், கோபம் வந்தவர்கள் புருவத்தால் திட்டிக்கொண்டார்கள். தெருமுனையில் வல்லிபுரம் மாஸ்டர் குடையை நீட்டிக்கொண்டு நின்றார். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் ஹார்னில் கை வைக்க, "எஞ்சினை நிப்பாட்டி உருட்டிக்கொண்டு போம், மேலை ஒரு மனுசன் படுக்கிறார்" என்றார் அடிக்குரலில். எவ்வளவு நேரம் என்று அவன் கேட்டதற்கு, "எழும்புமட்டும்" என்றார். மலையும் இருந்தது. அதன் மூச்சு அவருடைய குறட்டையோடு ஏறி இறங்கியது என்று நுன்சியா பிறகு சொன்னாள், ஆனால் அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

வெயில் சாயும்போது அவர் விழித்தார். கனவு எதுவும் வரவில்லை. கண்ணைத் திரும்ப மூடிப் பார்த்தார், பஸ் நிறுத்தம் தெரிந்தது, வாங்கு வெறுமையாக இருந்தது. இன்னொருமுறை மூடிப் பார்த்தார். வெறுமையாகத்தான் இருந்தது.

"குலமண்ணை, பசிக்குது," என்றான் அன்ரன்.

"வா, இறங்குவம். பருப்பு வைப்பம்."

இறங்கும்போது நெஞ்சு இறுகவில்லை. கீழே செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் மலைக்குத் திரும்பிக் கைகூப்பினார். மாஸ்டர் குடையைச் சுருக்கிக்கொண்டு வந்து, அவருடைய காலைப் பார்த்து, "முள்ளு ஏறியிருக்கு, ஊசி கொண்டுவரட்டே?" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மலை அங்கேயே இருந்தது. இறைச்சிக்கடைக்காரன் ஏறினான், லூச்சியா ஏறினாள், நுன்சியாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்து இறக்கினார்கள். அவள் உச்சியிலிருந்து தம்பியை நன்றாகத் திட்டிவிட்டு முகம் தெளிந்து வந்தாள். ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறி முடித்த ஒரு காலையில், கடைகள் திறக்குமுன், அது பின்பக்கம் முதலிலும் முன்பக்கம் பிறகுமாக எழும்பி, வந்த வழியே போய், பழைய இடத்தில் நின்றது. கொஞ்சம் திரும்பி நிற்கிறது என்று சிலர் சொல்கிறார்கள்.

அது உட்கார்ந்திருந்த வெறுங்காணியில் இப்போது காட்டுப் பெருஞ்சீரகம் முளைக்கிறது. சந்தைக்காரர்கள் அதைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். மீன்குழம்புக்கு நன்றாக இருக்கும்.